இறம்பொடை இறக்கத்தில் ஒரு மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஒருவன் தன் காரின் பிறேக்கைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் வைத்திருப்பது மிகவும் எளிது. ஏனெனில், அந்த அபிப்பிராயத்தைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு மேடு என்று சொல்லத்தக்க ஒரு மேடு எமது குடாநாட்டில் எங்குமே இல்லை. பருத்தித்துறையிலிருந்து காரைநகர் வரை ஓடிப் பார்த்தாலும், வழியிலுள்ள மதகுகளின் முதுகைத் தவிர வேறு ஏற்றத்தையும் இறக்கத்தையும் காண்பதற்கில்லை. ஒழுங்கைக்குள்ளிருந்து திடீரென்று வெளிப்படும் சைக்கிளுக்காகவும், வீதியின் நடுவே நின்று யோசிக்கும் ஆட்டுக்காகவும் மட்டுமே அமத்தப்படுகின்ற பிறேக்கு, பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் தன் நோயை வெளியே காட்டாது. என் தகப்பனார் விட்டுச் சென்ற 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனரும் இவ்விதமே, பெற்றோல் காணக் கிடைக்காத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயைக் குடித்துப் புகை கக்கிக்கொண்டு ஓடிய நாட்களிலும், அதன்பின் கொட்டிலுக்குள் கோழிகளுக்கு இருப்பிடமாக நின்ற நாட்களிலும், பிறேக்கைப் பற்றி எவரிடமும் ஒரு வார்த்தை முறையிடாமல் இருந்துவிட்டு, நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்குகின்ற பாதையிலே முதன்முறையாக வாய் திறந்தது.

லபுக்கலைத் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, பாதை பாம்பு போல வளைந்து வளைந்து இறம்பொடையை நோக்கி இறங்குகையில், முதலில் ஒரு நெடி எழுந்தது. கந்தல் துணியும் பழஞ் செருப்பும் சேர்ந்து கருகுவது போன்ற நெடி. அடுத்த வளைவில், பிறேக் மிதி கல்லைப் போல் உறுதியாக இருந்தும், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் கார் பிடித்து நிற்பதாயில்லை. அதற்கடுத்த வளைவிலோ, உறுதியாக இருந்த அதே மிதி பஞ்சில் கால் வைத்ததுபோல் அமுங்கிக்கொண்டு தரைவரை போயிற்று. கியரை இரண்டாவதுக்கு இறக்கி, கைப்பிறேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்கரையோடு உரசியவாறு எப்படியோ நிறுத்தினோம். முக்கால் மணிநேரம் கழித்து, சில்லுகளிலிருந்து எழுந்த புகை அடங்கியதும், தயக்கத்தோடு மிதித்துப் பார்த்தால், ஒன்றுமே நடவாததுபோலப் பிறேக்கு முன்னைப் போலவே பிடித்தது. பழுதென்றால் பழுதாகவே இருக்க வேண்டும் அல்லவா? தானாகவே கெட்டுத் தானாகவே குணமாகின்ற இந்தப் பழுது எத்தகையது என்ற கேள்வியோடுதான், எஞ்சிய பாதை முழுவதையும் இரண்டாவது கியரிலேயே இறங்கி முடித்தோம்.

பிறேக்கு என்பது வேகத்தை அழிக்கின்ற கருவி என்று பொதுவாக எண்ணுகிறோம். சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பௌதிக சாஸ்திரம் சொல்லுகிறபடியால், அழிக்கின்ற கருவி என்று ஒன்று இருக்க இடமில்லை. ஓடுகின்ற காரின் இயக்க சக்தியை உஷ்ணமாக மாற்றி, அந்த உஷ்ணத்தைச் சற்று நேரம் தன்னிடத்தே வைத்திருந்து, பிறகு காற்றுக்குக் கொடுத்துவிடுகின்ற ஓர் அடுப்புதான் பிறேக்கு. எங்கள் மைனரின் சொந்த எடை ஏறக்குறைய 775 கிலோகிராம். ஆட்களும் மூட்டை முடிச்சும் சேர்ந்தால் 1000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அது மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதனிடமுள்ள இயக்க சக்தி ஏறக்குறைய இரண்டரை இலட்சம் ஜூல். முக்கால் லீற்றருக்குச் சற்று அதிகமான கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கு, அதாவது வீட்டுக்கு வந்த நாலு பேருக்குத் தேநீர் ஊற்றுவதற்கு, இந்த உஷ்ணம் போதும். வேகம் பாதியாகி 40 ஆனால் சக்தி பாதியாவதில்லை, காற்பங்காகிவிடுகிறது. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே சக்தி கூடுவதும் குறைவதும் நிகழ்கின்றன. பிறேக்கைப் பற்றிய சகல விஷயங்களுக்கும் வேர் இந்த ஒரு கணக்கிலேதான் இருக்கிறது.

இனி மலையிறக்கத்தை எடுத்துக்கொள்வோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளைக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ 1400 மீற்றர் இறங்கிவிடுகிறோம். ஒரு தொன் எடையை அவ்வளவு தூரம் கீழே இறக்கும்போது வெளிப்படுகின்ற சக்தி ஏறக்குறைய 137 இலட்சம் ஜூல். எண்பதில் ஓடும் காரை ஐம்பது தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். இதிலே பெரும்பங்கை எஞ்சினும் காற்றும் ஏற்றுக்கொள்ளும்படி செய்வதற்காகவே, ஏறுகின்ற கியரிலேயே இறங்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்லி வைத்தார்கள். நாங்களோ, பெற்றோல் மிச்சம் பிடிக்கின்ற யாழ்ப்பாணத்துப் புத்தியினாலே, மேல் கியரில் விட்டுப் பிறேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்கினோம். முன்சில்லோடு சேர்ந்து சுழல்கின்ற இரும்பு டிறம் ஒன்று 4 கிலோகிராம் எடையுள்ளது என்று கொண்டால், எண்பதிலிருந்து ஒரு முறை நிறுத்தும்போது அது ஏறக்குறைய 45 பாகை சூடேறும். ஆறுவதற்கு அவகாசம் கொடாமல் ஏழெட்டு முறை நிறுத்தினால் 300 பாகையைக் கடந்துவிடும்.

சூடேறிய டிறம் என்ன செய்யும்? உலோகத்தின் சுபாவப்படி விரியும். 7 அங்குல விட்டமுள்ள டிறம் 300 பாகை சூடேறினால், அதன் விட்டம் அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகப் பெருத்துவிடுகிறது. உள்ளேயிருந்து வெளிப்புறமாக அழுத்துகின்ற பிறேக் ஷூவைவிட்டு டிறம் விலகிப் போகிறது. ஷூ துரத்திக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதே வேளையில், ஷூவின்மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கிலுள்ள பிசின் பொருள் வெந்து, உராய்வுக் குணத்தை இழக்கிறது. மிதி உறுதியாக இருந்தும் கார் நில்லாமற் போனதன் இரகசியம் லைனிங்கின் இந்த இழப்புதான். நான் முகர்ந்த பழஞ் செருப்பு நெடிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்தின் டார்பிஷையர் மலைப்பகுதியில், வண்டிக்காரர்கள் இறக்கத்தில் இறங்கும்போது மரப் பிறேக் கட்டையிலே பழைய சப்பாத்துத் தோலை அடித்துக்கொள்வதைக் கண்டு, அதைவிட நல்ல பொருளொன்றைச் செய்யலாமே என்று ஹேர்பேட் ஃப்றூட் என்பவர் 1897ஆம் ஆண்டிலே தொடங்கிய முயற்சியிலிருந்துதான், பெறோடோ என்று உலகமெங்கும் பெயர் பெற்ற லைனிங் பிறந்தது. துணியிலும் பிசினிலும் ஆரம்பித்த அவருடைய லைனிங், பிறகு உஷ்ணத்தைத் தாங்கும் கல்நாருக்கு மாறிற்று. அக்கல்நார்த் தூள் நுரையீரலுக்கு எமன் என்பது வெகு காலத்துக்குப் பின்னரே உலகத்துக்கு உறைத்தது. ஆகையால் பழைய காரின் டிறத்தைக் கழற்றுகிறவர்கள், உள்ளே படிந்திருக்கும் கரிய தூளை ஊதவோ, காற்றடித்துச் சுத்தம் செய்யவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டி எறிந்துவிட வேண்டும்.

மிதி தரைவரை போனதற்குக் காரணம் வேறு. அதை அறிவதற்கு, பாதத்தின் பலம் சில்லுக்குப் போகிற வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடைக்கப்பட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்பட்ட அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமற் பரவுகிறது என்று பதினேழாம் நூற்றாண்டிலே பிரெஞ்சு தேசத்துப் பாஸ்கல் கண்டு சொன்னார். அந்தத் தத்துவத்தை மோட்டார் வண்டியின் பிறேக்குக்குப் பிரயோகித்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் மல்கம் லொக்ஹீட். 1921ஆம் ஆண்டிலே டியூசன்பேர்க் கார் நான்கு சில்லுகளுக்கும் திரவப் பிறேக்கோடு வெளிவந்தது. மைனரில், மிதியின் பலத்தை ஏற்றுத் திரவத்தைத் தள்ளுகின்ற மாஸ்ரர் சிலிண்டருடைய உள்விட்டம் எட்டில் ஏழு அங்குலம். பாதம் 20 கிலோகிராம் பலத்தோடு மிதிக்க, மிதியின் நெம்புத் தண்டு அதை ஐந்து மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால், குழாய்களுக்குள்ளே ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் ஏறக்குறைய 26 கிலோகிராம் அழுத்தம் எழுகிறது. சிலிண்டரிலிருந்து பின்சில்லு வரை பலம் சேதமில்லாமல் போய்ச் சேருவது, திரவம் அமுங்காது என்ற ஒரே நம்பிக்கையின் பேரிலேதான். திரவம் கொதித்து அதில் ஓர் ஆவிக்குமிழி தோன்றிவிட்டால் அந்த நம்பிக்கை போய்விடுகிறது. ஆவி அமுங்கும், ஆதலால் பாதம் செய்கிற வேலையெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிறது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிறது, பிறேக்கும் குணமாகிறது. தானே கெட்டுத் தானே குணமான பழுதின் விளக்கம் இவ்வளவுதான்.

ஆனால் திரவம் ஏன் கொதித்தது? இங்கேதான் எமது ஊர்க்காற்று வந்து சேர்கிறது. பிறேக் ஓயில் என்று நாங்கள் அழைத்தாலும் அது எண்ணெய் அன்று. ஆதியிலே ஆமணக்கெண்ணெயையும் மதுசாரத்தையும் கலந்து பாவித்தார்கள். இப்பொழுது கிளைக்கோல் வகையைச் சேர்ந்த திரவம் பாவனையில் இருக்கிறது. கிளைக்கோலுக்குத் தண்ணீர்மேல் தீராத மோகம். றப்பர்க் குழாயின் சுவரினூடாகவும், மூடியின் சிறு துவாரத்தினூடாகவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குடித்துக்கொண்டேயிருக்கும். டொட் 3 என்ற தரத்துத் திரவம் புதிதாக இருக்கையில் 205 பாகை வரை கொதிக்காது, நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீரைக் குடித்த பிறகு 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். டொட் 4 திரவத்துக்கு அந்த எல்லைகள் 230ஆகவும் 155ஆகவும் இருக்கின்றன. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரிலே, எத்தனை வருடமென்று ஒருவருக்கும் நினைவில்லாத காலமாக மாற்றப்படாமல் கிடந்த எங்கள் காரின் திரவம் எத்தனை பாகையிலே கொதித்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அதைப் பிறகு வெளியே எடுத்தபோது தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருந்தது.

அதை அவ்வளவு காலம் ஒருவரும் கவனியாமல் விட்டதற்குக் காருடைய அமைப்பும் ஒரு காரணம். மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் எஞ்சின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதில்லை. சாரதியின் பாதத்துக்குக் கீழே, தரைத்தகட்டின் அடியில், சசியின் வலப்பக்கச் சட்டத்துக்குள்ளே ஒளிந்திருக்கிறது. திரவத்தின் மட்டத்தைப் பார்ப்பதற்குக் கம்பளத்தை விலக்கி, தரையிலுள்ள மூடியைக் கழற்ற வேண்டும். கம்பளத்துக்குமேல் சாக்கு விரித்து, சாக்குக்குமேல் மணல் சேர்ந்திருந்த எங்கள் காரிலே, அப்படியொரு மூடி இருப்பதையே நான் அறிந்திருக்கவில்லை. மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் பெரிய மேதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1948ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சிக்கு முன்னர், மாதிரிக் கார் ஒடுங்கலாகத் தோன்றுகிறது என்று அதை நடுவிலே இரண்டாக அறுத்து, 4 அங்குலம் அகட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தவர் அவர். மைனரின் பொனற் நடுவே ஓடுகின்ற தட்டையான பட்டி அந்த அறுவைச் சிகிச்சையின் தழும்பே. ஆயினும், சிலிண்டரை அந்த இடத்திலே வைத்தவரை, அதைக் கழற்றுகிறவன் ஒருநாளும் மன்னிக்கமாட்டான். அதன் போல்ற்றை வெளியே இழுக்க முடியாதபடி முன்சில்லின் முறுக்குத்தண்டு குறுக்கே நிற்கிறது. போல்ற்றுக்காக முறுக்குத்தண்டையே தளர்த்தி விலக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டு மாமரத்தின் கீழே அந்த வேலையைச் செய்து முடித்தவர், மொறிஸ் மைனரோடும் ஏ-நாற்பது என்ற காரோடும் வாழ்நாளைக் கழித்த ஒரு முதிய மெக்கானிக். ஊர் முழுவதும் அவரை அண்ணை என்றே அழைப்பதனால் நானும் அவ்வாறே அழைக்கிறேன். பழைய காருக்குப் பெரிய பிறேக்குப் போட வேண்டும், டிஸ்க் பிறேக்குப் போட வேண்டும் என்று நான் ஆவலோடு சொல்லத் தொடங்கியபோது, அவர் என்னை இடைமறித்து, “முதலிலை கொம்பனி தந்த பிறேக்கைத் திருப்பி எடுப்பம் தம்பி, பிறகு பாப்பம்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் நியாயம் அன்று முழுவதும் எனக்குப் பிரத்தியட்சமாகத் தெரிந்தது. முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு சிலிண்டர்கள் உண்டு. அந்த நான்கிலே இரண்டு துருப்பிடித்து அசையவேயில்லை. இடது பக்கத்து றப்பர்க் குழாய் வெளியே பார்க்கப் புதிது போலிருந்தும் உள்ளே வீங்கி, அழுத்தத்தைப் போகவிட்டுத் திரும்ப வரவிடாமல் ஒரு வால்வைப் போல நடந்துகொண்டிருந்தது. அதனால் மிதியிலிருந்து கால் எடுத்த பிறகும் அந்தச் சில்லு பிடித்தபடியே உரசிச் சூடேறியிருக்கிறது. அதாவது, இறம்பொடையிலே எங்கள் கார் இறங்கியது பாதிப் பிறேக்கில்.

சிலிண்டர்களின் றப்பர்க் கப்புகளை எடுத்துக் காட்டி, அண்ணை இன்னுமொரு விஷயத்தை விளக்கினார். அவை உப்பிப்போய், விரலால் அழுத்தினால் பழுத்த நாவற்பழம்போல நசிந்தன. மண்ணெண்ணெய்தான் காரணம் என்பது அவருடைய முடிவு. எந்த யந்திர உறுப்பைக் கழற்றினாலும் மண்ணெண்ணெய்த் தட்டிலே போட்டுத் தூரிகையால் கழுவுவது எமது கராஜ்களின் பரம்பரை வழக்கம். கியர்ப் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் அது உத்தமம். பிறேக்குக்கோ அது நஞ்சு. ஏனென்றால், கிளைக்கோல் திரவத்துக்கென்று தெரிந்தெடுத்த றப்பர், மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஓயில் ஆகிய கனிய எண்ணெய்களில் ஒரு துளி பட்டாலும் அவற்றை உறிஞ்சி வீங்கிவிடும். பிறேக்கின் உறுப்புகளைக் கழுவுவதற்கு மெதிலேற்றட் ஸ்பிரிட்டையோ, புதிய பிறேக் ஓயிலையோ தவிர வேறொன்றையும் தொடக்கூடாது. எங்கள் காரிலே அந்தக் கழுவல் எப்பொழுது நடந்ததோ தெரியாது. எரிபொருளாகவும் விளக்காகவும் மண்ணெண்ணெயே எல்லாமாக இருந்த காலத்திலே, அதை யாரும் சந்தேகித்திருக்கவும் மாட்டார்கள்.

புதிய கப்புகளும் குழாய்களும் பூட்டி, டொட் 4 ஊற்றி, காற்றெடுக்கின்ற கட்டத்துக்கு வந்தோம். மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள இடது பின்சில்லில் தொடங்க வேண்டும். நான் சாரதி ஆசனத்தில். அண்ணை சில்லுக்குக் கீழே, நிப்பிளில் பூட்டிய கண்ணாடிபோன்ற ரியூபின் நுனியைத் திரவம் நிரம்பிய போத்தலுக்குள் அமிழ்த்தியபடி. “அமத்து” என்பார், அமத்துவேன். நிப்பிள் திறக்க, மிதி தாழும். போத்தலுக்குள்ளே முத்து முத்தாகக் குமிழிகள் எழும். “பிடிச்சுக்கொள், விடாதை” என்பார், நிப்பிளைப் பூட்டுவார். “இப்ப விடு, மெதுவா.” அவர் பூட்டுமுன் நான் காலை எடுத்துவிட்டால், ரியூபில் நிற்கும் காற்று திரும்ப உள்ளே போய்விடும். இரண்டு முறை அவ்வாறு எடுத்து, இரண்டு முறையும் திட்டு வாங்கினேன். சிந்திய திரவத்தை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். தவறினால் அது காரின் பெயின்றை உரித்துவிடும்.

இனி, நான் முதலில் ஆசைப்பட்ட அபிவிருத்திகளைப் பற்றி. மைனரின் முன் பிறேக்கிலே ஒரு நுட்பம் உண்டு. கதவுக்கு அடியிலே செருகிய ஆப்பு, கதவை ஒரு திசையில் தள்ளும்போது தானாகவே மேலும் இறுகுவதையும், மறு திசையில் தள்ளும்போது நெகிழ்வதையும் கண்டிருக்கிறோம். சுழல்கின்ற டிறம், தன் திசைக்கு எதிர்முகமாக முனையை நீட்டிக்கொண்டிருக்கும் ஷூவை அந்த ஆப்பைப்போலத் தன்னை நோக்கி இழுத்து இறுக்குகிறது. பாதம் கொடுத்த பலத்தைவிட அதிகமாகவே அது பிடிக்கிறது. மைனரின் முன்சில்லுகளில் இரண்டு ஷூக்களுமே இவ்விதம் அமைந்தவை. பின்னோக்கி ஓடும்போது அவ்விரண்டும் ஒருங்கே நெகிழ்வன ஆகிவிடுவதால், ஏற்றத்தில் பின்னால் வழுக்குகின்ற காரை நிறுத்துவதற்கு அதிகம் அழுத்தி மிதிக்க வேண்டும் என்பது இதன் மறுபக்கம். பின்சில்லுகளில் ஒரு ஷூ இறுகுவது, மற்றது நெகிழ்வது. நிறுத்தும்போது காரின் பாரம் முன்னே சாய்கிறபடியால் முன்சில்லுகளுக்கே வலிய பிறேக்கு வேண்டும். பின்சில்லுகள் அளவுக்கு மிஞ்சிப் பிடித்தால் கார் வால் சுழற்றும்.

இந்தச் சுயமாக இறுகுகின்ற குணம் டிஸ்க் பிறேக்குக்கு இல்லை. இங்கிலாந்தில் லான்செஸ்ரர் என்பவர் 1902ஆம் ஆண்டிலேயே டிஸ்க் பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆயினும் 1953ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் கார் முதலாவதாக வந்த பின்புதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. சூடேறிய டிஸ்க், தன்னை இருபுறமும் கவ்வுகின்ற பட்டையைவிட்டு விலகாமல் அதை நோக்கியே தடிக்கிறது. காற்றிலே திறந்து நிற்பதால் விரைவில் ஆறுகிறது. மழைநீரைத் தானே வழித்தெறிகிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இறுகும் குணம் இல்லாதபடியால் பாதத்தின் பலம் அதிகம் வேண்டியிருக்கிறது; அதற்காக எஞ்சினின் உறிஞ்சலால் இயங்குகின்ற செர்வோவைச் சேர்க்க வேண்டும். மைனரின் மாஸ்ரர் சிலிண்டருக்குள்ளே, டிறம் பிறேக்குக்காகக் குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கின்ற ஒரு சிறு வால்வு இருக்கிறது. அதை அகற்றாவிட்டால் டிஸ்க்கின் பட்டைகள் உரசிக்கொண்டே சூடேறும். இங்கிலாந்தில் மைனர் வைத்திருப்போர் பலர், மைனரின் முன்பக்க அமைப்பிலிருந்தே பிறந்த மொறிஸ் மரீனாவின் டிஸ்க்குகளை எடுத்துப் பூட்டி இவையனைத்தையும் செம்மையாகச் செய்கிறார்கள். ஒன்றை மாற்றினால் மூன்றை மாற்ற வேண்டிய இந்தச் சங்கிலி, பாகங்கள் இலகுவில் கிடைக்கின்ற தேசத்தாருக்கு ஏற்றது என்பது என் எண்ணம். செர்வோவை மட்டும் தனியே பூட்டுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. அது பாதத்துக்குச் சௌகரியம் தருமே தவிர, டிறம் தாங்கக்கூடிய உஷ்ணத்தை ஒரு பாகையேனும் கூட்டாது.

நாங்கள் தெரிந்தெடுத்த வழி, மொறிஸ் கொம்பனியே தெரிந்தெடுத்த வழி. 1962ஆம் ஆண்டில் மைனருக்கு 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் வைத்தபோது, முன் டிறங்களை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக ஆக்கினார்கள். அந்தப் பாகங்கள் பழைய காரிலும் அப்படியே பொருந்தும். ஓர் அங்குலத்தால் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். அச்சிலிருந்து உராயும் இடம் தூரமாவதால் அதே பலத்துக்குப் பிடிப்பு ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. உஷ்ணத்தை வாங்கிக்கொள்ள இரும்பும், அதைக் காற்றுக்குக் கொடுக்கப் பரப்பும் கூடுகின்றன. அண்ணை ஒரு பழைய 1098இலிருந்து டிறம், ஷூ, பின்தகடு, சிலிண்டர் எல்லாவற்றையும் சோடியாகக் கொண்டுவந்தார். அதோடு ரயர்களையும் மாற்றினோம். சில்லை நிறுத்துவது பிறேக்கின் வேலை, காரை நிறுத்துவது ரயரின் வேலை. வெடித்துக் காய்ந்த ரயரோடு எவ்வளவு பெரிய பிறேக்கைப் பூட்டினாலும், சில்லு சீக்கிரம் சறுக்குமேயன்றிக் கார் சீக்கிரம் நில்லாது.

தீராத குறை ஒன்று எஞ்சியிருக்கிறது. மைனரின் நான்கு சில்லுகளுக்கும் திரவவழி ஒன்றே. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கும் ஒருங்கே போய்விடும், கைப்பிறேக்கின் கம்பி மட்டுமே மிஞ்சும். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு முதல் புதிய கார்களுக்குத் திரவவழி இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டுமென்று சட்டம் விதித்தார்கள். இரட்டைச் சிலிண்டரொன்றை மைனருக்குப் பொருத்துவது இயலாத காரியமன்று. அது, இசிகோனிஸ் சிலிண்டரை ஒளித்துவைத்த அந்தச் சசிச் சட்டத்துக்கு வெளியே, எஞ்சின் பக்கத்தில் புதிய இடமும் புதிய மிதியும் வேண்டுகிற வேலை. அடுத்த மலைப்பயணத்துக்கு முன் அதையும் பார்க்க வேண்டும் என்று அண்ணையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போதைக்கு, இரும்புக் குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டு, எமது உப்புக்காற்றுக்குத் துருப்பிடியாத செம்பும் நிக்கலும் கலந்த குழாய்களைப் போட்டிருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுப் பக்கம் போகின்ற வெறும் வீதியிலே பரீட்சை நடந்தது. புதிய லைனிங் டிறத்தோடு முழுமையாகப் பொருந்தும்வரை கடுமையாகப் பிடிக்கலாகாது என்பதனால், முதலில் ஐம்பதிலிருந்து இருபதுக்கு மெதுவாகக் குறைப்பதும், ஆறவிடுவதுமாக இருபது தடவை ஓடினோம். பிறகு எண்பதில் வைத்து அழுத்தினேன். உராய்வு நன்றாயிருக்கும் வீதியில், அமத்திய கணத்திலிருந்து ஏறக்குறைய 36 மீற்றருக்குள் கார் நிற்க வேண்டும் என்று முதல்நாள் இரவே கணக்குப் போட்டு, விளக்குக் கம்பத்திலிருந்து அடியளந்து, சுண்ணாம்பால் கோடு கிழித்து வைத்திருந்தோம். கார் கோட்டுக்கு முன்னே நின்றது; ஆனால் நிற்கும்போது ஸ்ரியரிங் ஒரு மயிரிழை இடப்பக்கம் இழுத்தது. நான் அதைச் சொல்லாமலே விட்டிருப்பேன். அண்ணை இறங்கிப் போய், ஒன்றும் பேசாமல் முன்சில்லுகளின் நடுவே ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்தார். இடது சில்லில் வைத்த கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். வலது சில்லில் வைத்த கை அங்கேயே இருந்தது.

“வலது பக்கத்துக் கீழ்ச் சிலிண்டர் இன்னும் சரியா வேலை செய்யேல்லை, தம்பி” என்று சொல்லிக்கொண்டே, ஜக்கை எடுப்பதற்காகக் காரின் பின்பக்கம் போனார்.